பாவித்த லப்டொப்: உள்ளே இருப்பதை அறிந்து சரியான டிரைவரை எடுப்பது எப்படி

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் விற்பனைக்கு வரும் பாவித்த லப்டொப்புகளில் நல்லவை பெரும்பாலும் வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்டவை. டெல் லாட்டிடியூட், எச்பி எலைட்புக், லெனோவோ திங்க்பேட் என்று உறுதியான சாமான்தான். ஆனால் உள்ளே ஏற்றியிருக்கும் விண்டோஸ் பல நேரம் அவசரத்தில் ஏற்றியது. வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்த பிறகுதான் வைபை அடையாளம் காணாமல் போயிருப்பதும், ஹெட்போன் செருகினால் சத்தம் வராததும், திரையில் எழுத்துகள் பருத்துத் தெரிவதும் கண்ணில் படும். மல்லாவியிலிருந்தோ புதுக்குடியிருப்பிலிருந்தோ பஸ் ஏறிக் கடைக்குத் திரும்பிப் போனால், "போமட் அடிச்சுத் தாறம்" என்பார்கள். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவதுதான் அது. போமட் அடித்தால் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த டிரைவரும், அதாவது வைபை, சத்தம், திரை போன்ற ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸ் இயக்க உதவும் சிறு மென்பொருளும், சேர்ந்து போய்விடும்.

இந்தக் கோளாறுகளில் அனேகமானவற்றை வீட்டிலிருந்தே தீர்க்கலாம். 32 ஜிபி பென்ட்ரைவ் ஒன்று, அன்ட்ரொய்ட் போன் ஒன்று, டேட்டா கடத்தக்கூடிய யூஎஸ்பி கேபிள் ஒன்று போதும். தேடும் முறைதான் முக்கியம். லப்டொப்பின் பெயரைக் கொடுத்துத் தேடினால் நூறு பக்கம் வரும், ஒன்றும் பொருந்தாது. எண்ணைக் கொடுத்துத் தேடினால் ஒரே பக்கம் வரும், அதுதான் உங்களுடையது.

அழிக்க முன் எடுத்து வைக்க வேண்டியது

வாங்கிய லப்டொப்பில் விண்டோஸ் ஓரளவுக்காவது வேலை செய்கிறதா? அப்படியானால் அதற்குள் இருக்கும் டிரைவர்கள்தான் உங்களிடமுள்ள மிக மலிவான டிரைவர்கள். டேட்டா செலவே இல்லை. சி டிரைவைத் திறந்து விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ்டோர் என்று போங்கள். அங்கே ஃபைல்ரெப்போசிட்டரி என்று ஒரு போல்டர் இருக்கும். அதை அப்படியே பென்ட்ரைவுக்குக் கொப்பி எடுங்கள். சில ஜிபி வரும். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் என்பதால் பழைய பென்ட்ரைவில் நேரம் எடுக்கும். முதலில் டெஸ்க்டொப்புக்குக் கொப்பி எடுத்து, சிப் கோப்பாகச் சுருக்கி, பிறகு பென்ட்ரைவில் போட்டால் விரைவாக முடியும். கட்டளை வரியில் பழக்கமுள்ளவர்கள் விண்டோஸோடு வரும் பிஎன்பியூட்டில் கருவியின் எக்ஸ்போர்ட் வசதியைப் பாவிக்கலாம். அது மைக்ரோசொப்ட் அல்லாத டிரைவர்களை மட்டும் பிரித்துத் தரும், அளவும் குறையும்.

விண்டோஸ் ஏறவே மறுத்தாலும் ஹார்ட் டிஸ்க் உயிரோடு இருந்தால், லினக்ஸ் மின்ட் பென்ட்ரைவில் லப்டொப்பைத் தொடங்கி இதே போல்டரை எடுக்கலாம். ஒரு கட்டுப்பாடு உண்டு: 64 பிட் விண்டோஸில் எடுத்தது 32 பிட்டில் ஏறாது. விண்டோஸ் 10இல் எடுத்தது 11இல் பெரும்பாலும் ஏறும்.

எண் எங்கே இருக்கிறது

லப்டொப்பைத் திருப்பிப் பார்த்தால் ஸ்டிக்கர் இருக்கும். பற்றரி கழற்றக்கூடிய பழைய மொடல்களில் பற்றரிக்கு அடியிலும் இருக்கும். ஒவ்வொரு கம்பனியிலும் பார்க்க வேண்டியது வேறு.

டெல்லில் சேர்விஸ் டாக். எழுத்தும் இலக்கமும் கலந்த 7 குறிகள். அது தேய்ந்து, எட்டா ஆங்கில 'பி'யா என்று தெரியாமல் போனால், பக்கத்திலுள்ள எக்ஸ்பிரஸ் சேர்விஸ் கோட்டைப் பாருங்கள். அதே டாக்கைத்தான் முழுவதும் இலக்கமாக எழுதியிருக்கிறார்கள், அதையும் கொடுத்துத் தேடலாம்.

எச்பியில் புரொடக்ட் நம்பர். எச்பி 15 என்றோ பவிலியன் 15 என்றோ திரைக்குக் கீழே எழுதியிருப்பதை நம்பி இறங்கினால் நாள் முழுக்க அலைய வேண்டியதுதான். அந்தப் பெயரில் இன்டெல் போட்டதும் உண்டு, ஏஎம்டி போட்டதும் உண்டு, வைபை கார்ட் மூன்று நான்கு வகையும் உண்டு. பல எச்பி மொடல்களில் எஃப்என் பட்டனையும் எஸ்கேப்பையும் ஒன்றாக அழுத்தினால் இந்த விபரம் திரையிலேயே வரும்.

லெனோவோவில் 10 குறிகள் கொண்ட மெஷின் டைப். முதல் நான்கு குறிகளே மொடலைக் காட்டிக்கொடுத்துவிடும். ஐடியாபேட் வாங்கியிருந்தால் பெயரின் கடைசி எழுத்துகளையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். 320-15 என்ற ஒரே பெயரில் ஐகேபி என்று முடிவது இன்டெல், ஏஎஸ்டி என்று முடிவது ஏஎம்டி. டிரைவர்கள் முற்றிலும் வேறு.

ஏசரில் எஸ்என்ஐடி என்ற இலக்கம். அசூஸில் மொடல் பெயர். தோஷிபா லப்டொப் வைத்திருப்பவர்கள் டைனாபுக் என்ற பெயரிலுள்ள தளத்தில் தேட வேண்டும், கம்பனி பெயர் மாறிவிட்டது.

ஸ்டிக்கரை முழுதாக நம்பவும் வேண்டாம். இரண்டு உடைந்த லப்டொப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கி விற்பது இந்த வியாபாரத்தில் நடப்பதுதான். அடிமூடி ஒன்றினுடையது, மதர்போர்ட் வேறொன்றினுடையது. ஆகவே பயோஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே மதர்போர்டிலிருந்து இயங்கும் மென்பொருள், என்ன சொல்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். டெல், ஏசர், அசூஸ், தோஷிபாவில் தொடங்கும்போது எஃப்2, எச்பியில் எஸ்கேப்பும் பிறகு எஃப்10உம், திங்க்பேட்டில் எஃப்1. ஐடியாபேட்டில் பக்கவாட்டில் குண்டூசி நுழையும் அளவுக்குச் சிறு துளை இருக்கும், நோவோ பட்டன் என்பார்கள், லப்டொப் அணைந்திருக்கும்போது அதை அழுத்தித் தொடங்க வேண்டும். விண்டோஸுக்குள் இருந்தே பார்ப்பதானால் ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறவுங்கள். சிஸ்டம் மொடல், சிஸ்டம் எஸ்கேயு, பேஸ்போர்ட் புரொடக்ட் ஆகிய மூன்று வரிகளையும் போனில் படம் எடுத்து வையுங்கள். எச்பியின் புரொடக்ட் நம்பர் எஸ்கேயு வரியில் வரும். லெனோவோவின் மெஷின் டைப் மொடல் வரியில் வரும். ஸ்டிக்கரும் பயோஸும் முரண்பட்டால் பயோஸ் சொல்வதை எடுங்கள். பயோஸில் அந்த இடம் வெறுமையாக இருந்தால் மதர்போர்ட் மாற்றப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது மொடல் எண்ணை விட்டுவிட்டு, கீழே சொல்லும் வன்பொருள் அடையாளத்தை (ஹார்ட்வெயர் ஐடி) பிடிக்க வேண்டும்.

புரோசசரின் தலைமுறை

அதே சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் புரோசசர் வரி இருக்கும். இன்டெல்லில் ஐ5, ஐ7 என்பதை விட அதற்குப் பின்னால் வரும் எண்தான் கூடச் சொல்லும். ஐ5-3320 என்றால் மூன்றாம் தலைமுறை, ஐ5-6300 என்றால் ஆறாம் தலைமுறை, ஐ5-10210 என்றால் பத்தாம் தலைமுறை. "ஐ7 தம்பி, ஐ5ஐ விட நல்லது" என்று கடையில் சொன்னால் தலைமுறையைக் கேளுங்கள். எட்டாம் தலைமுறை ஐ5க்கு முன்னால் இரண்டாம் தலைமுறை ஐ7 நிற்காது.

எந்த விண்டோஸுக்கு டிரைவர் தேடுவது என்பதையும் இதுதான் தீர்மானிக்கிறது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ மைக்ரோசொப்ட் முறைப்படி அனுமதிப்பது, ஒரு சில விதிவிலக்கு தவிர, எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதும்தான். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். அதற்குக் கீழே உள்ளதில் விண்டோஸ் 11ஐ வலிந்து ஏற்ற வழிகள் உண்டு, ஆனால் டிரைவர் கரைச்சல் அங்கேதான் கூட. மூன்றாம், நான்காம் தலைமுறை லப்டொப்பில் பாடசாலைப் பிள்ளை படிக்கவும் தட்டச்சு செய்யவும் மட்டும் என்றால் லினக்ஸ் மின்ட் போடுவதே எங்கள் தெரிவு. டிரைவர்களில் பெரும்பகுதி அதற்குள்ளேயே இருக்கிறது. பிரோட்கொம் வைபை கார்ட் மட்டும் அங்கேயும் தனியாகக் கேட்கும்.

மறுதலையாக, பழைய மென்பொருள் ஒன்றுக்காக விண்டோஸ் 7 தேவைப்படுகிறவர்கள் ஆறாம் தலைமுறைக்கு மேல் போகக்கூடாது. ஆறாம் தலைமுறையிலேயே விண்டோஸ் 7 நிறுவும்போது கீபோர்டும் மவுஸும் செத்துப்போவது வழமை. அதிலுள்ள யூஎஸ்பி போர்ட்டுகளுக்கான டிரைவர் விண்டோஸ் 7 டிஸ்கில் இல்லாததே காரணம்.

முதலில் இணையம்

வைபை டிரைவர் இல்லை, வைபை இல்லாததால் டிரைவரை இறக்கவும் முடியவில்லை என்ற சுழலிலிருந்து வெளியே வர போனே போதும். அன்ட்ரொய்ட் போனை கேபிளால் லப்டொப்பில் செருகி, போனின் செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். ஹொட்ஸ்பொட் அல்ல, டெதரிங். விண்டோஸ் 10, 11 இரண்டும் போனை ஒரு நெற்வேர்க் கார்ட் போல எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் தேவையில்லை. போன் வைபையில் இணைந்திருந்தால் அந்த வைபையையும் கேபிள் வழியே கொடுக்கும். சந்தியில் வாங்கிய மலிவுக் கேபிள்களில் சில சார்ஜ் மட்டும் செய்யும், டேட்டா கடத்தாது. டெதரிங் பட்டன் மங்கலாகவே இருந்தால் முதலில் கேபிளை மாற்றுங்கள். ஐபோனுக்கு அப்பிள் மென்பொருளும் கேட்கும் என்பதால் இந்த வேலைக்கு அன்ட்ரொய்டே வசதி.

இணைந்தவுடன் விண்டோஸ் தன்பாட்டுக்கு அப்டேட் இறக்கத் தொடங்கி டேட்டா காட்டை ஒரே மூச்சில் காலி செய்துவிடும். நெற்வேர்க் செட்டிங்ஸில் அந்த இணைப்பை மீட்டர்ட் கனெக்‌ஷன் என்று குறித்தால் அது அடங்கும். பிறகு வைபை டிரைவரை மட்டும் கையால் எடுங்கள், அது சிறியது. கிராபிக்ஸ் டிரைவர் பல நூறு எம்பி வரும், அதை இரவு டேட்டா நேரத்துக்கு ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் மீட்டர்ட் குறியை எடுத்துவிட்டு விண்டோஸ் அப்டேட்டைத் திறந்து, ஒப்ஷனல் அப்டேட்ஸ் என்பதற்குள் டிரைவர் பகுதியைப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

டிரைவரைத் தேட முன் இன்னொன்று: பழைய லாட்டிடியூட், திங்க்பேட், எலைட்புக் சிலவற்றில் வைபையை நிறுத்தும் சுவிட்ச் பக்கவாட்டிலோ கீபோர்டுக்கு மேலேயோ இருக்கும். பைக்குள் வைத்து எடுக்கும்போது தட்டுப்பட்டு நின்றுவிடும்.

மஞ்சள் குறியை வாசிப்பது

ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து டிவைஸ் மனேஜரைத் திறவுங்கள். மஞ்சள் முக்கோணம் உள்ளவை எல்லாம் டிரைவர் கேட்பவை. விண்டோஸ் அவற்றுக்கு வைக்கும் பெயர்களைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது, ஆனால் எந்தப் பெயருக்குப் பின்னால் எது இருக்கிறது என்பது அனேகமாக நிலையானது. நெற்வேர்க் கொன்ட்ரோலர் என்றால் வைபை. ஈதர்நெற் கொன்ட்ரோலர் என்றால் கேபிள் செருகும் லான். பிசிஐ சிம்பிள் கொம்யூனிகேஷன்ஸ் கொன்ட்ரோலர் என்று பெரிதாக ஏதோ சொல்வது இன்டெல் மனேஜ்மென்ட் எஞ்ஜினுக்கு. பிசிஐ சீரியல் போர்ட் என்பதும் அதே குடும்பம், அலுவலக லப்டொப்புகளில் வரும். எஸ்எம் பஸ் கொன்ட்ரோலர் சிப்செற் (மதர்போர்டின் பாகங்களை இணைக்கும் சில்லு) டிரைவரைக் கேட்கிறது. பேஸ் சிஸ்டம் டிவைஸ் பெரும்பாலும் மெமரி கார்ட் ரீடர். பிரோட்கொம் யூஎஸ்எச் என்று டெல்லில் வந்தால் கைரேகை, ஸ்மார்ட் கார்ட் பகுதி. பாவிக்க மாட்டீர்கள் என்றால் விட்டுவிடலாம். டிஸ்பிளே பகுதியில் மைக்ரோசொப்ட் பேசிக் டிஸ்பிளே அடப்டர் என்று இருந்தால் மஞ்சள் குறி இல்லாவிட்டாலும் கிராபிக்ஸ் டிரைவர் இல்லை என்றே பொருள். வீடியோ திக்குவதற்கும் எழுத்து பருப்பதற்கும் காரணம் அதுதான்.

பெயர் எதுவுமே உதவாதபோது அதன்மேல் இரண்டு முறை கிளிக் செய்து, டீடெயில்ஸ் பகுதியில் ஹார்ட்வெயர் ஐடிஸ் என்பதைத் தெரிவுசெய்யுங்கள். நீளமான வரிகள் வரும். பிசிஐ என்று தொடங்கும் வரியில் வென் என்பதை அடுத்து வரும் நான்கு குறிகள் சில்லைச் செய்த கம்பனி. டெவ் என்பதை அடுத்து வருபவை அந்தச் சில்லு. 8086 இன்டெல், 10ஈசி ரியல்டெக், 14ஈ4 பிரோட்கொம், 168சி அத்தரோஸ், 10டிஈ என்விடியா, 1002 ஏஎம்டி. 10ஈசியும் 8168உம் சேர்ந்து வந்தால் ரியல்டெக் கிகாபிற் லான். 8086உம் 24எஃப்டியும் வந்தால் இன்டெல் 8265 வைபை. யூஎஸ்பி என்று தொடங்கினால் வென்னுக்குப் பதில் விஐடி, டெவ்வுக்குப் பதில் பிஐடி, முறை ஒன்றுதான்.

ஏசிபிஐ என்று தொடங்குபவைதான் ஆட்களை அலைக்கழிப்பவை. அன்நோன் டிவைஸ் என்று மட்டும் காட்டும். டெல்லில் எஸ்எம்ஓ8800 என்று இருந்தால் லப்டொப் கீழே விழும்போது ஹார்ட் டிஸ்க்கைக் காக்கும் உணரி. எச்பியில் எச்பிகியூ0004 என்பதும் அதே வேலைக்கானது, டிரைவர் பெயர் திரீடி டிரைவ்கார்ட். எச்பிகியூ6001 வயர்லெஸ் பட்டனுக்கு. லெனோவோவில் எல்ஈஎன்0068 பவர் மனேஜ்மென்ட். எஸ்எஸ்டி போட்ட லப்டொப்பில் விழுகை உணரிக்கு டிரைவர் போடாவிட்டாலும் நட்டமில்லை, மஞ்சள் குறி கண்ணை உறுத்துவதுதான் மிச்சம்.

எங்கே எடுப்பது, எந்த வரிசையில் போடுவது

முதல் இடம் லப்டொப் கம்பனியின் தளம், மேலே எடுத்த எண்ணோடு. சத்தம், டச்பேட், ஹொட்கீ, கார்ட் ரீடர் நான்குக்கும் கம்பனி டிரைவரே சரி. ரியல்டெக்கின் பொது டிரைவரைப் போட்டால் ஸ்பீக்கர் கேட்கும், ஆனால் ஹெட்போன் செருகினாலும் ஸ்பீக்கரே பேசிக்கொண்டிருக்கும். அந்த லப்டொப்பில் எந்தத் துளை எந்தக் கம்பியோடு இணைந்திருக்கிறது என்பது கம்பனி டிரைவருக்குத்தான் தெரியும். வைபை, புளூடூத், இன்டெல் கிராபிக்ஸ் ஆகியவற்றுக்கு இன்டெல் தளத்திலிருந்தும் எடுக்கலாம்.

இரண்டாம் இடம் மைக்ரோசொப்ட் அப்டேட் கற்றலொக் என்ற இணையத்தளம். அங்கே ஹார்ட்வெயர் ஐடியை அப்படியே ஒட்டித் தேடலாம். முழு வரிக்கு ஒன்றும் வராவிட்டால் வென், டெவ் பகுதியை மட்டும் விட்டு மிச்சத்தை வெட்டிவிட்டுத் தேடுங்கள். கிடைப்பது கேப் கோப்பு. அதை 7-சிப் என்ற இலவச மென்பொருளால் விரித்து ஒரு போல்டரில் வைத்து, டிவைஸ் மனேஜரில் அந்தக் குறியை வலது கிளிக் செய்து, அப்டேட் டிரைவர், பிறகு பிரவுஸ் மை கொம்பியூட்டர் என்று கொடுத்து அந்தப் போல்டரைக் காட்டுங்கள். உட்போல்டர்களையும் பார் என்ற கட்டம் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். முன்பு கொப்பி எடுத்த ஃபைல்ரெப்போசிட்டரியைக் காட்டுவதும் இதே வழியில்தான். சிப்பாகச் சுருக்கியிருந்தால் முதலில் விரித்துவிடுங்கள். டெல் தரும் நிறுவல் கோப்பு ஏற மறுத்தால் அதையும் 7-சிப்பால் விரித்து இதே முறையில் போடலாம்.

எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் போடுகிறோம் என்று விளம்பரம் காட்டும் மென்பொருள்களைத் தொடாதீர்கள். வேண்டாத மென்பொருள் ஒன்றிரண்டையும் கூட இறக்கி, கடைசியில் காசும் கேட்கும். ஒருவருக்கு மேற்பட்டவர்களின் லப்டொப்பைப் பார்ப்பவர் என்றால் ஸ்னாப்பி டிரைவர் இன்ஸ்டோலர் ஒரிஜின் இலவசமானது, இணையமில்லாமலும் இயங்கும். முழுத்தொகுப்பு பல பத்து ஜிபி. நெற்வேர்க் டிரைவர்களை மட்டும் இறக்கும் தெரிவும் அதில் உண்டு, பென்ட்ரைவில் அது இருந்தால் போதும்.

போடும் வரிசை: சிப்செற், மனேஜ்மென்ட் எஞ்ஜின், கிராபிக்ஸ், வைபையும் லானும், சத்தம், டச்பேட், மிச்சமெல்லாம். ஒவ்வொரு பெரிய டிரைவருக்குப் பிறகும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டு கிராபிக்ஸ் உள்ளதென்றால் இன்டெல் முதலில், என்விடியாவோ ஏஎம்டியோ பிறகு.

பிழைக்குறி எண்ணையும் பாருங்கள். 28 என்றால் டிரைவரே இல்லை. 10 என்றால் டிரைவர் இருக்கிறது ஆனால் பொருள் தொடங்கவில்லை, பெரும்பாலும் பிழையான பதிப்பு. 52 என்றால் டிரைவரின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை. 43 என்றால் பொருளே பிழை அறிவித்து நிறுத்தப்பட்டிருக்கிறது. புதிய டிரைவருக்குப் பிறகும் 43 நின்றால் வன்பொருளைச் சந்தேகியுங்கள், அதிலும் சூடாகி அடிபட்ட தனிக் கிராபிக்ஸ் சில்லை.

டிரைவர் போலத் தெரியும் வேறு கோளாறுகள்

பதினோராம் தலைமுறையும் அதற்கு மேலும் உள்ள லப்டொப்பில் விண்டோஸ் நிறுவும்போது டிஸ்க் எதுவுமே காட்டாமல் போகலாம். எஸ்எஸ்டி பழுதில்லை. விஎம்டி என்ற அமைப்பு அதை மறைக்கிறது. இன்டெல் ராபிட் ஸ்டோரேஜ் டிரைவரை விரித்து பென்ட்ரைவில் வைத்து, நிறுவும் திரையில் லோட் டிரைவர் என்பதில் காட்டினால் டிஸ்க் தெரியும். ஏற்கெனவே விண்டோஸ் உள்ள லப்டொப்பில் பயோஸுக்குப் போய் விஎம்டியை அணைத்தால் அந்த விண்டோஸ் ஏறாமல் போகும், கவனம்.

புதிதாக விண்டோஸ் போட்டதும் டச்பேட் முற்றாகச் செத்திருந்தால் இன்டெல் சீரியல் ஐஓ டிரைவரைப் போடுங்கள். ஆறாம் தலைமுறைக்குப் பிந்திய பல லப்டொப்புகளில் டச்பேட் அதன் வழியாகத்தான் பேசுகிறது. அதுவரை யூஎஸ்பி மவுஸ் ஒன்று கையில் வேண்டும்.

வைபை கார்ட்டையே மாற்றினால் பழைய எச்பியும் திங்க்பேட்டும் தொடங்க மறுக்கும். எச்பியில் 104, திங்க்பேட்டில் 1802 என்று பிழை வரும். தான் அங்கீகரித்த கார்ட்டை மட்டும் பயோஸ் ஏற்கிறது. இதற்கு டிரைவர் தீர்வு இல்லை, கம்பனியின் பார்ட் நம்பர் உள்ள கார்ட்டையே தேடி வாங்க வேண்டும்.

டெல் லப்டொப் திடீரென்று ஆமை வேகத்துக்கு இறங்கினால் சார்ஜரைப் பாருங்கள். முனையின் நடுவிலுள்ள மெல்லிய ஊசி மூலம் சார்ஜரின் அளவை லப்டொப் அறிகிறது. ஊசி வளைந்திருந்தாலோ போலிச் சார்ஜராக இருந்தாலோ பற்றரி ஏறாது, புரோசசரும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எத்தனை முறை போமட் அடித்தாலும் மாறாது.

அலுவலக லப்டொப் வாங்கும்போது பயோஸ் பாஸ்வேர்ட் இல்லையா என்று கடையிலேயே, மேலே அந்தந்தக் கம்பனிக்குச் சொன்ன பட்டனை அழுத்திப் பாருங்கள். இன்னொரு பொறி, விண்டோஸ் புரோவைப் புதிதாக நிறுவி இணையத்தோடு இணைத்ததும் ஏதோ வெளிநாட்டுக் கம்பனியின் பெயரோடு லொகின் திரை வருவது. அந்தக் கம்பனி தன் பதிவிலிருந்து லப்டொப்பை நீக்கவில்லை. நீக்கும் உரிமை அவர்களுக்கு மட்டுமே உண்டு, ஆகவே இது வந்தால் காசைத் திருப்பிக் கேளுங்கள்.

பயோஸ் அப்டேட்டைக் கடைசிக்கு விடுங்கள். எல்லாம் ஒழுங்காக இயங்கினால் செய்யாமலே விடலாம். செய்வதென்றால் பற்றரி நன்றாக ஏறியிருக்க வேண்டும், சார்ஜரும் செருகியிருக்க வேண்டும். நடுவில் கரண்ட் போய், பற்றரியும் தாங்காவிட்டால் மதர்போர்ட் எழும்பாது. இடி மின்னல் மாதங்களில் பின்னேரம் இந்த வேலையில் இறங்காமல், காலையில் வானம் தெளிவாக இருக்கும்போது முடித்துவிடுங்கள். பற்றரி செத்த லப்டொப்பில் அப்டேட் தானாகவே மறுக்கும். அந்த மறுப்பைத் தாண்டிப்போகக் குறுக்குவழி தேட வேண்டாம், முதலில் பற்றரியை மாற்றுங்கள்.